மருத்துவமனைக் குருதித்தொற்றுகளில் நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு

மருத்துவமனைக் குருதித்தொற்றுகளில் நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு என்பது, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் குருதியில் புகுந்து பெருகும் பாக்டீரியாக்கள், அவற்றை அழிப்பதற்காகக் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி (ஆண்டிபயாட்டிக்) மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போகும் நிலையைக் குறிக்கும். மருந்து வேலை செய்யாவிட்டால் நாள் கடந்தாவது தானே ஆறக்கூடிய தொற்றுகள் பல உண்டு. குருதித்தொற்று அவ்வகையைச் சேர்ந்ததன்று. இதில் முதல் சில மணி நேரத்தில் கொடுக்கப்படும் மருந்து சரியானதா, தவறானதா என்பதைப் பொறுத்தே நோயாளி பிழைப்பது பெரும்பாலும் அமைகிறது. ஆனால் எந்த மருந்து சரியானது என்று காட்டும் சோதனையின் முடிவு வர இரண்டு அல்லது மூன்று நாட்கள் ஆகும். எதிர்ப்புத்திறன் பரவியதால் உண்டான இடர்களில் மிகப் பெரியது இந்த இடைவெளியில்தான் உள்ளது.

இந்தியாவில் இச்சிக்கல் உலகின் கவனத்தைப் பெற்றதில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. என்டிஎம்-1 என்னும் நொதியைப் பற்றி 2010 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும், 2012 ஆம் ஆண்டின் சென்னைப் பிரகடனமும் இந்நகருடன் தொடர்புடையவை.

குருதித்தொற்று

நலமாக உள்ளவரின் குருதியில் பொதுவாகப் பாக்டீரியாக்கள் இருப்பதில்லை. பல் துலக்கும்போது கூடச் சில பாக்டீரியாக்கள் குருதிக்குள் நுழைவது உண்டு. ஆனால் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு அவற்றைச் சிறிது நேரத்தில் அகற்றிவிடும். அவ்வாறு அகற்றப்படாமல் அவை பெருகி, உடல் அதற்குக் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, சிறுநீரகம், நுரையீரல், இதயம் போன்ற உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கும் நிலை செப்சிஸ் எனப்படுகிறது. குருதி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்தால் அது செப்டிக் அதிர்ச்சி ஆகும்.

மருத்துவமனையில் இத்தொற்று ஏற்படப் பல வழிகள் உள்ளன. கழுத்து அல்லது மார்புப் பகுதியின் பெருஞ்சிரையில் மருந்து செலுத்துவதற்காகப் பல நாட்கள் செருகி வைக்கப்படும் குழாய், சிறுநீர்க் குழாய், செயற்கைச் சுவாசக் கருவி, அறுவைப் புண் ஆகியன முதன்மையானவை. தோல் என்னும் அரணைக் கடந்து நேரே குருதிக்குள் செல்லும் எந்தக் குழாயும் பாக்டீரியாவுக்குத் திறந்துவிடப்பட்ட வாயிலே. புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோருக்கு வெள்ளணுக்கள் குறைவதால், அவர்களது குடலிலேயே வாழும் பாக்டீரியாக்கள் குடற்சுவரைக் கடந்து குருதியை அடைகின்றன. குருதித் தூய்மிப்பு (டயாலிசிஸ்) செய்துகொள்வோர், தீக்காயம் பட்டோர், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கும் இடர் மிகுதி.

இத்தொற்றுகளை உண்டாக்குவனவற்றுள் க்ளெப்சியெல்லா நிமோனியே, எசரிக்கியா கோலை, அசினெட்டோபாக்டர் பௌமானி, சூடோமோனாஸ் எருஜினோசா ஆகிய கிராம்-எதிர் பாக்டீரியாக்களும், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், என்டரோகாக்கஸ் ஆகிய கிராம்-நேர் பாக்டீரியாக்களும் குறிப்பிடத்தக்கவை. இந்திய மருத்துவமனைகளில் கிராம்-எதிர் வகைகளே மேலோங்கி நிற்கின்றன. இவற்றுக்கு இரு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வு பல மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பதால், இவ்வகைக்கு எதிராகப் புதிய மருந்து கண்டுபிடிப்பது இயல்பிலேயே கடினமாகும்.

குருதி வளர்ப்புச் சோதனையும் கால இடைவெளியும்

குருதியில் எந்தப் பாக்டீரியா உள்ளது என்பதை அறியும் அடிப்படைச் சோதனை குருதி வளர்ப்பு (பிளட் கல்ச்சர்) ஆகும். நோயாளியின் தோலை நன்கு தூய்மைப்படுத்தி, குருதி எடுத்து, பாக்டீரியாவுக்கு ஏற்ற ஊட்டக்கரைசல் உள்ள குப்பியில் செலுத்துவர். வளர்ந்தோரிடம் ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் வரை எடுக்கப்படுகிறது. செப்சிஸ் நோயாளியின் குருதியில் ஒரு மில்லிலிட்டரில் ஒரு பாக்டீரியா கூட இல்லாமல் இருக்கலாம் என்பதால் எடுக்கும் அளவு முக்கியமானது. குப்பி 37 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தில் வைக்கப்படுகிறது. பாக்டீரியா பெருகும்போது வெளிவிடும் கரியமில வாயுவைத் தானியங்கிக் கருவி உணர்ந்து அறிவிக்கிறது. பெரும்பாலான நோய்க்கிருமிகள் ஒரு நாளுக்குள் இவ்வாறு வெளிப்பட்டுவிடும். அதன்பின் பாக்டீரியாவை இனங்காணவும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்கவும் மேலும் ஒன்று அல்லது இரண்டு நாட்கள் ஆகின்றன.

நோயாளி அதுவரை காத்திருக்க இயலாது. செப்டிக் அதிர்ச்சி நோயாளிகளைப் பற்றி 2006 ஆம் ஆண்டில் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், குருதி அழுத்தம் வீழ்ந்தபின் தக்க மருந்து தொடங்குவதில் ஏற்பட்ட ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6% குறைந்தது கண்டறியப்பட்டது. ஆகவே சோதனை முடிவு வரும் முன்னரே, தமது மருத்துவமனையில் எந்தப் பாக்டீரியா மிகுதியாகக் காணப்படுகிறது என்னும் அனுபவத்தைக் கொண்டு மருத்துவர் ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

எதிர்ப்புத்திறன் இந்த ஊகத்தையே பொய்யாக்குகிறது. செஃப்ட்ரியாக்சோன் கொடுத்தால் அதற்குக் கட்டுப்படாத பாக்டீரியாவாக இருக்கலாம் என்னும் அச்சத்தில் மெரோபெனெம் கொடுக்கப்படுகிறது. அதுவும் பலனளிக்காமல் போகலாம் என்று கொலிஸ்டின் சேர்க்கப்படுகிறது. ஒரு நோயாளியைப் பொறுத்தவரை இது நியாயமான முடிவே. ஆனால் ஆயிரக்கணக்கான படுக்கைகளில் இம்முடிவு எடுக்கப்படும்போது, கடைசிப் படைக்கலமாக வைத்திருக்க வேண்டிய மருந்துகள் அன்றாட மருந்துகளாகிவிடுகின்றன. அவற்றுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. இத்தகைய நச்சுச் சுழலில் குற்றவாளி என்று ஒருவரைச் சுட்டுவது எளிதன்று.

சோதனை முடிவு வந்தபின் தேவையற்ற மருந்துகளை நிறுத்தி எளிய மருந்துக்கு இறங்குவதே இச்சுழலை உடைக்கும் வழியாகும். அதற்கு முதல் மருந்தைக் கொடுக்கும் முன்பே குருதி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சிற்றூர்களில் இவ்வரிசை மாறிவிடுவதுண்டு. எடுத்துக்காட்டாக, ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் போன்ற ஓர் ஊரில் கடுங்காய்ச்சல் கண்டவர் முதலில் அருகிலுள்ள மருத்துவரிடமும், பின்னர் ராஜபாளையம் அல்லது திருவில்லிபுத்தூரிலுள்ள மருத்துவமனைக்கும், நிலை மோசமானால் சுமார் 85 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்கும் கொண்டு செல்லப்படுவது நெடுங்கால வழக்கம். (விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது.) இப்பயணத்தின் நடுவே ஓரிரு ஊசிகள் போடப்பட்டிருந்தால், இறுதியில் எடுக்கப்படும் குருதியில் பாக்டீரியா வளராமல் போகலாம். தொற்று இருக்கும், ஆனால் சோதனை இல்லை என்று காட்டும். அப்போது மருத்துவர் ஊகத்தைத் தொடர்வதைத் தவிர வேறு வழியில்லை.

எதிர்ப்பு உருவாகும் விதம்

நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டு பாக்டீரியா "பழகிவிடுகிறது" என்று பேச்சுவழக்கில் கூறுவர். இது சரியன்று. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுள் தற்செயலான மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கும் ஒன்றிரண்டு இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. நோயாளியின் உடல் மருந்துக்குப் பழகுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பாக்டீரியா கையாளும் முறைகள் சில. மருந்து நுழையும் துளைகளை அடைத்தல், நுழைந்த மருந்தை வெளியே இறைத்தல், மருந்து பற்றிக்கொள்ளும் இலக்கையே மாற்றிக்கொள்ளுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மூன்றாம் முறையைக் கையாள்கிறது. கிராம்-எதிர் பாக்டீரியாக்களிடம் மிகப் பரவலாக உள்ளது நான்காவது முறை: மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரத்தல். பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனெம் ஆகிய மூன்று மருந்துக் குடும்பங்களுக்கும் பொதுவாக பீட்டா-லாக்டம் என்னும் நான்கு அணு வளையம் ஒன்று உண்டு. இவ்வளையத்தை உடைக்கும் நொதிகள் பீட்டா-லாக்டமேஸ்கள் எனப்படும்.

எதிர்ப்பு மரபணுக்கள் பல, பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.யில் இல்லாமல், பிளாஸ்மிட் எனப்படும் தனி டி.என்.ஏ. வளையங்களில் அமைந்துள்ளன. பிளாஸ்மிட்டை ஒரு பாக்டீரியா அடுத்ததற்கு அளிக்க இயலும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டுவதில்லை. ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் கோத்து வைத்தாற்போல் இருப்பதும் உண்டு. அதனால் ஒரு மருந்தைப் பயன்படுத்துவது வேறொரு மருந்துக்கான எதிர்ப்பையும் வளர்க்கக்கூடும்.

வரலாறு

பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் உள்ளது என்பதை ஆபிரகாம், செயின் ஆகிய இருவரும் 1940 இல் வெளியிட்டனர். அப்போது பென்சிலின் பொதுப் பயன்பாட்டுக்கே வந்திருக்கவில்லை. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 ஆம் ஆண்டு தமது நோபல் பரிசு உரையில், போதாத அளவில் மருந்து உட்கொள்வது எதிர்ப்பை வளர்க்கும் என்று எச்சரித்தார். மெத்திசிலின் 1959 இல் அறிமுகமாகி, 1961 இலேயே அதற்குக் கட்டுப்படாத பாக்டீரியா பிரித்தானியாவில் அறிவிக்கப்பட்டது.

தென்னிந்தியாவில் தொடக்கக்கால எச்சரிக்கை ஒன்று கோழிக்கோட்டிலிருந்து வந்தது. குருதியில் பரவும் மற்றொரு நோயான குடற்காய்ச்சலை (டைஃபாய்டு) உண்டாக்கும் பாக்டீரியா, அந்நோய்க்கு அன்று முதன்மை மருந்தாக இருந்த குளோராம்ஃபெனிகாலுக்குக் கட்டுப்படவில்லை என்பதையும், அவ்வெதிர்ப்பு வேறு பாக்டீரியாவுக்கு மாற்றத்தக்கது என்பதையும் அங்கிருந்த ஆய்வாளர்கள் 1972 இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

பீட்டா-லாக்டமேஸ் நொதிகள் பல செஃபலோஸ்போரின்களை வென்றபின் மருத்துவர்கள் கார்பபெனெம்களை நம்பினர். இவற்றுள் முதலாவதான இமிபெனெம் 1985 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இக்குடும்பம் கடைசி அரணாக நின்றது.

என்டிஎம்-1 நொதியும் சென்னையும்

புதுதில்லி மருத்துவமனை ஒன்றில் 2007 இன் இறுதியில் சிகிச்சை பெற்று, பின்னர் சுவீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரிலிருந்து 2008 இல் க்ளெப்சியெல்லா நிமோனியே பிரித்தெடுக்கப்பட்டது. அது கார்பபெனெம்களுக்குக் கட்டுப்படவில்லை. அதில் இருந்த, அதுவரை அறியப்படாத நொதிக்கு 'நியூ டெல்லி மெட்டாலோ-பீட்டா-லாக்டமேஸ்-1' என்று பெயரிட்டு 2009 திசம்பரில் வெளியிட்டனர். அதன் சுருக்கமே என்டிஎம்-1 ஆகும். துத்தநாக அணுக்களின் துணையால் பீட்டா-லாக்டம் வளையத்தை உடைப்பதால் இது 'மெட்டாலோ' (உலோக) வகை எனப்படுகிறது. 2010 மார்ச்சில் மும்பை மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள், தாம் சோதித்த கார்பபெனெம் எதிர்ப்புப் பாக்டீரியாக்கள் 24 இல் 22 இல் இந்நொதி இருந்ததாக இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். இக்கட்டுரை அன்று பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

கவனம் திரும்பியது 2010 ஆகத்தில் லான்செட் தொற்றுநோய்கள் இதழில் வெளியான ஆய்வுக்குப் பிறகே. இதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலுள்ள டாக்டர் ஏ. எல். எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஆய்வுக்குழுவில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி வால்ஷ் முதன்மையானவர். என்டிஎம்-1 கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, அரியானாவில் 26, ஐக்கிய இராச்சியத்தில் 37, இந்தியா மற்றும் பாக்கித்தானின் பிற இடங்களில் 73 என மொத்தம் 180 கண்டறியப்பட்டன. இவற்றுள் 111 க்ளெப்சியெல்லா நிமோனியே, 36 எசரிக்கியா கோலை. டைகிசைக்ளின், கொலிஸ்டின் ஆகிய இரண்டைத் தவிரப் பிற மருந்துகளுக்கு இவை பெரும்பாலும் கட்டுப்படவில்லை.

எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமான முடிவு ஒன்று அவ்வாய்வில் உண்டு. அரியானாவில் கிடைத்த க்ளெப்சியெல்லாக்கள் ஒரே மூலத்தின் வழித்தோன்றல்களாக இருந்தன. சென்னையில் கிடைத்தவையோ ஒன்றுக்கொன்று உறவற்ற பல்வேறு வகைகள். அவற்றிலிருந்த பிளாஸ்மிட்டுகள் எளிதில் இடம் மாறக்கூடியவை. அதாவது சென்னையில் ஒரு கிருமி பரவவில்லை, ஒரு மரபணு பரவியது. ஒரே கிருமி ஒரு மருத்துவமனையில் பரவினால் நோயாளிகளைத் தனிமைப்படுத்தியும் அறைகளைத் தூய்மைப்படுத்தியும் அதை நிறுத்தலாம். கிருமி விட்டுக் கிருமி தாவும் மரபணுவை அவ்வாறு சுவருக்குள் அடைப்பது மிகக் கடினம். 2011 இல் வால்ஷ் குழுவினர் புதுதில்லியில் மருத்துவமனைக்கு வெளியே எடுத்த மாதிரிகளில், குடிநீர் 50 இல் 2 இலும், தேங்கிய நீர் 171 இல் 51 இலும் இம்மரபணுவைக் கண்டனர்.

பெயர்ச் சர்ச்சை

நகரின் பெயரை நொதிக்குச் சூட்டியதை இந்திய அரசும் மருத்துவர் பலரும் கண்டித்தனர். இந்தியாவுக்கு வரும் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் நோக்கம் என்றும் கூறப்பட்டது. இவ்வகை நொதிகளுக்கு வெரோனா, சாவோ பாவுலோ, சியோல் நகரங்களின் பெயர்கள் முன்னரே சூட்டப்பட்டிருந்தன என்பது எதிர்த்தரப்பின் விளக்கம். லான்செட் இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 சனவரியில் இப்பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். எனினும் பெயர் மாறவில்லை. 2006 இல் இந்தியாவில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளிலும் இந்நொதி இருந்தது பின்னாளைய சோதனையில் தெரியவந்தது. பெயரைப் பற்றிய சினம், நோயாளிகளைப் பற்றிய கேள்வியைச் சில மாதங்கள் மறைத்துவிட்டது என்றே கூற வேண்டும்.

சென்னைப் பிரகடனம்

2011 இல் நடுவண் அரசு, சில உயர்நிலை நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டுமே வழங்கும் கடுமையான விதியொன்றை முன்மொழிந்து, எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. சிற்றூர் மருத்துவர் எவரும் கிடைக்காத இடங்களில் இத்தகைய தடை உயிருக்கே கேடாகும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. இப்பின்னணியில் 2012 ஆகத்து 24 அன்று சென்னையில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல கூடி விவாதித்து உருவாக்கிய பரிந்துரைகளே சென்னைப் பிரகடனம் எனப்படுகின்றன. சென்னையைச் சேர்ந்த தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் இதன் ஒருங்கிணைப்பாளர். குறையற்ற, ஆனால் நடைமுறைப்படுத்த இயலாத சட்டத்தைக் காட்டிலும், குறையுள்ள ஆனால் நடைமுறைப்படுத்தத்தக்க சட்டம் மேல் என்பது இதன் அணுகுமுறை.

இதன்பின் 2013 இல் அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்ததே மருந்து விதிகளின் 'எச்1' அட்டவணையாகும். தொடக்கத்தில் 46 மருந்துகள் இதில் சேர்க்கப்பட்டன. கார்பபெனெம்களும் மூன்றாம், நான்காம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்களும் அவற்றுள் அடங்கும். இவற்றை விற்கும் மருந்துக்கடை, மருத்துவர் மற்றும் நோயாளியின் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டின் பயன்பாடு 2019 சூலையில் தடை செய்யப்பட்டது.

இந்தியாவில் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 இல் எதிர்ப்புத்திறன் கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி சிப்மரும் இதில் பங்கேற்கின்றன. இதன் அறிக்கைகளின்படி, இமிபெனெமுக்குக் கட்டுப்படும் எசரிக்கியா கோலை 2016 இல் 86% ஆக இருந்து 2021 இல் 64% ஆகவும், க்ளெப்சியெல்லா நிமோனியே 65% இலிருந்து 43% ஆகவும் குறைந்தன. இவை குருதி மட்டுமன்றிப் பிற மாதிரிகளையும் உள்ளடக்கிய எண்கள். மேலும் இவ்வலையமைப்பில் உள்ளவை பெரிய மருத்துவமனைகள். வேறிடங்களில் சிகிச்சை பலிக்காதோரே அங்கு மிகுதியாக வருவர். ஆகவே நாடு முழுமைக்கும் இவ்வெண்களைப் பொருத்துவது மிகையாகலாம்.

உலக அளவில் 2021 இல் பாக்டீரியாக்களின் எதிர்ப்புத்திறனே நேரடிக் காரணமான இறப்புகள் சுமார் 11.4 இலட்சம் என லான்செட் இதழில் 2024 இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

பச்சிளங்குழந்தைகள்

இச்சிக்கலின் கடுமை பிறந்த குழந்தைகளிடமே தெளிவாகத் தெரிகிறது. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து 2016 இல் வெளியான ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அவர்களுள் 14.3% பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டது; இறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரின் இறப்புக்கு அதுவே காரணம். கண்டறியப்பட்ட பாக்டீரியாக்களில் அசினெட்டோபாக்டர் 22%, க்ளெப்சியெல்லா 17%, எசரிக்கியா கோலை 14%. அசினெட்டோபாக்டர்களில் 82% பன்மருந்து எதிர்ப்புக் கொண்டவை. மூன்றில் இரு பங்குத் தொற்றுகள் பிறந்து 72 மணி நேரத்துக்குள் ஏற்பட்டவை. எந்த மருந்தையும் உட்கொண்டிராத குழந்தைக்கு, பிறந்த மூன்றாம் நாளுக்குள் பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத கிருமி வந்து சேர்கிறது. அது பிரசவ அறையிலிருந்தோ, தொட்ட கைகளிலிருந்தோ, கருவிகளிலிருந்தோதான் வந்திருக்க முடியும்.

தடுப்பு

தொற்றே ஏற்படாவிட்டால் மருந்தும் வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கை கழுவுதல், குழாய் செருகும்போது முழு உடலையும் போர்த்துதல், குளோரெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே அகற்றுதல் ஆகிய ஐந்தும் தவறாமல் செய்யப்பட்டபோது, குழாய்வழிக் குருதித்தொற்று 66% வரை குறைந்தது என 2006 இல் அறிவிக்கப்பட்டது. இவற்றில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. செவிலியர் எண்ணிக்கை குறைவாகவும் நோயாளிகள் நெரிசலாகவும் உள்ள பிரிவுகளில் இவற்றைத் தவறாமல் செய்வதே கடினம்.

மருத்துவம்

கார்பபெனெம்கள் பலனளிக்காதபோது பயன்படும் கொலிஸ்டின், 1950 களில் பயன்பாட்டுக்கு வந்து, சிறுநீரகத்தைப் பாதிப்பதால் பின்னர் ஒதுக்கப்பட்ட பழைய மருந்தாகும். வேறு வழியின்றி அது மீண்டும் கொண்டுவரப்பட்டது. தன் வெளிச்சவ்வின் கொழுப்புப் பகுதியை மாற்றிக்கொண்டு அதையும் தாங்கும் க்ளெப்சியெல்லாக்கள் இந்தியாவில் காணப்படுகின்றன.

என்டிஎம் நொதியால் உடைக்க இயலாத பீட்டா-லாக்டம் மருந்து ஒன்று உண்டு, அது ஆஸ்ட்ரியோனம். ஆனால் என்டிஎம் உள்ள பாக்டீரியாவில் பெரும்பாலும் இருக்கும் பிற பீட்டா-லாக்டமேஸ்கள் அதை உடைத்துவிடும். அந்நொதிகளை முடக்கும் ஆவிபாக்டமைச் சேர்த்துக் கொடுத்தால் ஆஸ்ட்ரியோனம் தப்புகிறது. செஃப்டாசிடிம்-ஆவிபாக்டமுடன் ஆஸ்ட்ரியோனம் சேர்த்துக் கொடுக்கும் முறை இந்திய மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. ஆஸ்ட்ரியோனம்-ஆவிபாக்டம் ஒரே மருந்தாக 2024 இல் ஐரோப்பாவிலும் 2025 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட என்மெட்டாசோபாக்டம் என்னும் நொதிமுடக்கி, செஃபெபிமுடன் சேர்ந்த மருந்தாக 2024 பெப்ரவரியில் சிக்கலான சிறுநீர்த் தொற்றுகளுக்காக ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஐரோப்பாவில் அத்தகைய தொற்றுகளிலிருந்து எழும் குருதித்தொற்றுக்கும் இதற்கு ஒப்புதல் உண்டு. செஃபலோஸ்போரின்களைச் சிதைக்கும் பரவலான நொதிகளை இது முடக்குவதால், அத்தகைய நோயாளிகளுக்குக் கார்பபெனெம் கொடுப்பதைத் தவிர்க்க உதவலாம். என்டிஎம் வகை நொதிகளை இது முடக்குவதில்லை.